கணப்பு இருந்த வீடும் இல்லாத வீடும்: பிரிட்டனின் குளிர்கால மின்வெட்டுகள்

தமிழ்நாட்டில் மின்வெட்டு என்றால் கோடைக்காலம். பிரிட்டனில் அது குளிர்காலத்துக் கவலை. டிசம்பர் மாதத்தில் லண்டனில் மாலை நான்கு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடுகிறது. தொழிற்கூடங்களும் கடைகளும் இன்னும் மூடியிராத அந்த நேரத்தில் வீடுகளில் விளக்கு எரியத் தொடங்கும், அடுப்பு ஏறும், அறை ஹீட்டர்கள் ஓடும். ஆண்டின் உச்ச மின்தேவை குளிர்காலத்து மாலை ஐந்து, ஆறு மணியளவில்தான் வருகிறது. அந்த ஒன்றிரண்டு மணி நேரத்தைத் தாங்க மின்நிலையங்களோ எரிபொருளோ போதாதபோது முதலில் மின்னழுத்தம் குறைக்கப்படும். விளக்குகள் மங்கும், கெட்டில் கொதிக்க நேரமாகும். அலைவெண் 50 ஹெர்ட்ஸுக்குக் கீழே இறங்கினால் மின்சாரத்தில் ஓடும் சுவர்க் கடிகாரங்கள் பின்தங்கும். அதற்கும் மேல் பற்றாக்குறை என்றால் பகுதி பகுதியாக இணைப்பைத் துண்டிப்பதைத் தவிர வேறு வழியில்லை.

இருபதாம் நூற்றாண்டில் பிரிட்டன் இப்படிப் பல குளிர்காலங்களைக் கண்டது. அவற்றில் அரசுகள் தடுமாறிய கதை நிறைய எழுதப்பட்டிருக்கிறது. வீடுகள் எப்படிச் சமாளித்தன என்பது அவ்வளவாக எழுதப்படவில்லை. ஒரு வீடு மின்வெட்டைத் தாங்குமா என்பதை அலமாரியில் எத்தனை மெழுகுவத்தி இருந்தது என்பதைவிட, அந்த வீடு எந்த எரிபொருளை நம்பிக் கட்டப்பட்டிருந்தது என்பதே தீர்மானித்தது.

முதல் பெரும் சோதனை 1947-இல் வந்தது. அந்த ஆண்டு ஜனவரி 1 அன்று நிலக்கரிச் சுரங்கங்கள் நாட்டுடைமை ஆயின. மூன்று வாரம் கழித்துத் தொடங்கிய பனிப்பொழிவு மார்ச் நடுப்பகுதி வரை ஓயவில்லை. லண்டனை ஒட்டிய கியூ வானிலை நிலையத்தில் பிப்ரவரி 2 முதல் 22 வரை ஒரு நிமிடம்கூட வெயில் பதிவாகவில்லை. சுரங்க வாயில்களில் நிலக்கரி இருந்தது. ஆனால் ரயில் பாதைகளைப் பனி மூடிவிட்டது, கரி ஏற்றிய கப்பல்கள் வடகிழக்குத் துறைமுகங்களில் முடங்கின, குவித்துவைத்த கரியே உறைந்து பாறையாகிக் கடப்பாரைக்கும் அசையவில்லை. பிப்ரவரி 7 அன்று எரிபொருள் அமைச்சர் இமானுவேல் ஷின்வெல் நாடாளுமன்றத்தில் எழுந்து, வரும் திங்கள் முதல் லண்டன், தென்கிழக்கு, மத்தியப் பகுதி, வடமேற்கு ஆகிய இடங்களின் தொழிற்சாலைகளுக்கு மின்சாரம் இல்லை என்று அறிவித்தார். வீடுகளுக்குக் காலை 9 முதல் 12 வரையும் பிற்பகல் 2 முதல் 4 வரையும் தடை.

இந்த வீட்டுத் தடை நடைமுறையில் விசித்திரமானது. எல்லா இடத்திலும் மின் விநியோக நிறுவனங்கள் இணைப்பைத் துண்டிக்கவில்லை. மருத்துவமனைக்கும் பேக்கரிக்கும் போகும் கம்பியில்தான் பக்கத்து வீடுகளும் தொங்கிக்கொண்டிருந்தன. எனவே கம்பியில் மின்சாரம் ஓடினாலும் அந்த மணி நேரங்களில் சுவிட்சைப் போடக் கூடாது என்பதே உத்தரவு. மீறினால் வழக்கு. ஆறு ஆண்டுப் போரில் கட்டுப்பாடுகளுக்குப் பழகிப்போன மக்களிடம் மட்டுமே இப்படி ஒரு சட்டத்தைப் போட்டுப் பார்க்க முடியும். பிபிசி தொலைக்காட்சி ஒளிபரப்பு ஒரு மாதம் நின்றது, வார இதழ்கள் இரண்டு வாரம் அச்சேறவில்லை, நாய்ப் பந்தயங்கள் தடைசெய்யப்பட்டன. வேலையிழந்தோர் எண்ணிக்கை சில நாட்களில் 20 லட்சத்தைத் தாண்டியது.

அன்றைய இல்லத்தரசிக்கு உதவியவை போர்க்காலத்துப் பொருள்களும் பழக்கங்களும். 1939 முதல் அமலில் இருந்த இருட்டடிப்பினால் டார்ச் விளக்கு வீட்டுச் சாமானாகிவிட்டிருந்தது. எரிபொருள் மிச்சம் பிடிக்க அரசு கற்றுக்கொடுத்த வைக்கோல் பெட்டி பரண் மேல் கிடந்தது. இறைச்சியும் காய்கறியும் போட்டு ஒரு கொதி வந்ததும் பாத்திரத்தை இறக்கி, வைக்கோல் அடைத்த பெட்டிக்குள் வைத்து மூடிவிட்டால் உள்ளே இருக்கும் சூட்டிலேயே சில மணி நேரத்தில் வெந்துவிடும். வெட்டு தொடங்குமுன் பெட்டியில் வைத்தால் பகல் உணவு தயார். கணப்பு எல்லா வீட்டிலும் இருந்தது, கரிக்குத்தான் பஞ்சம். எரிவாயு நிலையங்களில் நிலக்கரியிலிருந்து வாயு எடுத்தபின் மிஞ்சும் கல்கரியை வாங்க, குழந்தைகளைத் தள்ளும் வண்டிகளோடு பெண்கள் பனியில் வரிசையில் நின்றார்கள். அடுப்புக்கு வரும் வாயுவும் அதே நிலக்கரியிலிருந்து வந்ததால் அதன் அழுத்தமும் குறைந்து, நீலச் சுடர் சோர்ந்துபோனது.

நெருக்கடிக்கு வீடுகளே ஓரளவு காரணம் என்பதையும் சொல்லியாக வேண்டும். கரிக்குப் பங்கீடு இருந்தது, மின்சாரத்துக்கு இல்லை. போர் முடிந்ததும் மக்கள் மின் ஹீட்டர்களை வாங்கிக் குவித்தார்கள். குளிர் கூடக் கூட அவை எல்லாம் ஒரே நேரத்தில் ஓடின. இதைத் திருத்த 1948-49 குளிர்காலத்தில் வீட்டு மின்கட்டணத்தை உயர்த்தி, கோடையில் குறைத்துப் பார்த்தார்கள். மாலை ஆறு மணிக்கு எரியும் ஹீட்டருக்கும் நள்ளிரவில் எரியும் ஹீட்டருக்கும் ஒரே விலை என்ற நிலையில் அதனால் உச்சத் தேவை குறையவில்லை. அடுத்த ஆண்டே அது கைவிடப்பட்டது. புதிய மின்நிலையங்கள் எழும்வரை, 1950-களின் தொடக்கம் வரையிலும், குளிர்கால மாலைகளில் அரைமணி, ஒருமணி வெட்டு சாதாரணமாகவே இருந்தது.

அடுத்த இருபது ஆண்டுகளில் வீடு மாறியது. 1952 டிசம்பரில் லண்டனை மூடிய நச்சுப் புகைமூட்டத்துக்குப் பிறகு வந்த 1956-ஆம் ஆண்டுத் தூய காற்றுச் சட்டம் நகரங்களில் புகை கக்கும் கரிக் கணப்புக்குக் கதவடைத்தது. பல வீடுகளில் கணப்பின் வாயை அட்டை வைத்து அடைத்து அதன் முன் மின் ஹீட்டரை வைத்தார்கள். இரவில் மலிவு மின்சாரத்தில் செங்கற்களைச் சூடேற்றிவைத்துப் பகலெல்லாம் வெப்பம் விடும் சேமிப்பு ஹீட்டர்கள் 1960-களில் பரவின. ‘எல்லாமே மின்சாரம்’ என்பது அன்று குடியிருப்புகளை விற்கும் பெருமைச் சொல்.

அதற்கு ஒரு விபத்தும் துணைபோனது. 1968 மே 16 அன்று கிழக்கு லண்டனில் ரோனன் பாயிண்ட் என்ற 22 மாடிக் குடியிருப்பில் ஒரு சமையலறையில் எரிவாயு வெடித்து, கட்டடத்தின் ஒரு மூலை மேலிருந்து கீழ்வரை சரிந்தது. நான்கு பேர் இறந்தார்கள். அதே முறையில், வார்ப்புக் கான்கிரீட் பலகைகளை அடுக்கிக் கட்டிய பல அடுக்குமாடிகளிலிருந்து எரிவாயுக் குழாய்கள் அகற்றப்பட்டன. அந்த வீடுகளில் சமையல், வெந்நீர், கணகணப்பு மூன்றுமே மின்சாரத்தின் பொறுப்பாயின. புகைபோக்கியும் கிடையாது. வெடிப்பிலிருந்து காப்பாற்ற எடுத்த முடிவு, நான்கு ஆண்டுகளுக்குள் வேறொரு வகையில் அங்கே குடியிருந்தவர்களைத் தாக்கியது.

அதற்கு முன்னோட்டமாக வந்தது 1970 டிசம்பர். மின்துறைத் தொழிலாளர்கள் ஊதிய உயர்வு கேட்டு டிசம்பர் 7 முதல் விதிப்படி வேலை என்று இறங்கினார்கள். மிகைநேரம் பார்க்க ஆளில்லாமல் ஒரே வாரத்தில் நாடு இருளில் தவித்தது, அவசரநிலை அறிவிக்கப்பட்டது. மெழுகுவத்தி கடைகளில் தீர்ந்துபோனது. கிறிஸ்துமஸ் நெருங்கும் நேரமாதலால் மக்களின் கோபம் தொழிலாளர்கள் மேல் திரும்பியது. ஒரு வாரத்தில் போராட்டம் நின்றது. வீடுகளில் மிஞ்சியவை ஒரு பெட்டி மெழுகுவத்தியும், ‘இது மறுபடியும் வரும்’ என்ற எச்சரிக்கையும்.

மறுபடியும் வந்தது 1972-இல். 1926-க்குப் பிறகு சுரங்கத் தொழிலாளர்களின் முதல் நாடு தழுவிய வேலைநிறுத்தம் ஜனவரி 9 அன்று தொடங்கியது. மின்நிலையங்களில் கரி இருப்பு இருக்கிறது என்று எட்வர்ட் ஹீத் அரசு நம்பியது. தொழிலாளர்கள் சுரங்க வாசலோடு நிற்காமல், பேருந்துகளில் ஏறிச் சென்று மின்நிலைய வாசல்களில் மறியல் செய்தார்கள். கரியைச் சுமந்துவந்த லாரிகளும் ரயில்களும் திரும்பின. கொதிகலன் மூட்டத் தேவையான எண்ணெய்கூட உள்ளே போகவில்லை. பிப்ரவரி 9 அன்று அவசரநிலை. மறுநாள் பர்மிங்காமில் சால்ட்லி கல்கரிக் கிடங்கின் வாயிலை ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் சூழ, காவல்துறை அதை மூடச் செய்தது. அதையடுத்து கடைகளிலும் அலுவலகங்களிலும் பொதுக் கட்டடங்களிலும் மின் ஹீட்டருக்குத் தடை, விளம்பர விளக்குகளுக்குத் தடை, வீடுகளுக்குச் சுழற்சிமுறை வெட்டு.

சுழற்சி என்பது இப்படி நடந்தது. துணைமின் நிலையங்களிலிருந்து கிளம்பும் வழித்தடங்களைக் குழுக்களாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஒரு குறியீடு தந்தார்கள். எந்த நேரத்தில் எந்தக் குழுவுக்கு வெட்டு வரக்கூடும், எந்தக் குழுவுக்கு வாய்ப்புக் குறைவு என்ற அட்டவணை அன்றாடம் செய்தித்தாளில் வந்தது. ரயில் அட்டவணையைப் பார்ப்பதுபோல் அதைப் பார்த்துக் குடும்பங்கள் நாளைத் திட்டமிட்டன. அட்டவணை வாக்குறுதி அல்ல. வரக்கூடும் என்றால் வராமலும் போகலாம், அதனால் மூன்று மணிக்கே அவசர அவசரமாகச் சமைத்து முடித்த வீட்டில் விளக்கு கடைசிவரை அணையாமல் எரிந்ததும் உண்டு. மருத்துவமனை இருக்கும் வழித்தடத்தில் குடியிருந்தவர்களுக்கு யோகம்: தெருவின் ஒரு பக்கம் வெளிச்சம், எதிர்ப்பக்கம் இருட்டு. நெருக்கடி உச்சத்தில் இருந்த நாட்களில் சில பகுதிகளுக்கு நாளொன்றுக்கு ஒன்பது மணி நேரம் வரை மின்சாரம் இல்லை. பத்து லட்சத்துக்கும் அதிகமானோர் தற்காலிகமாக வேலை இழந்து வீட்டில் உட்கார்ந்தார்கள்; வீடும் குளிர்ந்து கிடந்தது.

மெழுகுவத்தி பற்றியே அந்நாளைய நினைவுகள் அதிகம். தட்டில் உருக்கி நிறுத்தியது, ஜாம் பாட்டிலுக்குள் வைத்தது, பின்னால் கண்ணாடியை நிறுத்தி வெளிச்சத்தை இரட்டிப்பாக்கியது என்று அவரவர் உத்தி அவரவருக்கு. ஆனால் மெழுகுவத்தி வெளிச்சம் மட்டுமே தரும். வீட்டைக் காப்பாற்றியவை வேறு. தெர்மாஸ் பிளாஸ்க்கில் முன்கூட்டியே ஊற்றிவைத்த தேநீர், இரவுக்கு வெந்நீர்ப் பை, முகாம் செல்வோர் வைத்திருந்த சிறு காஸ் அடுப்பு, டிரான்சிஸ்டர் வானொலி, சாவி கொடுக்கும் அலாரக் கடிகாரம். மின் கடிகாரம் எத்தனை மணி நேரம் நின்றதோ அத்தனை மணி நேரம் பின்தங்கியிருக்கும். அதை நம்பிக் காலை வேலைக்குப் போக முடியாது. அப்போதுதான் வீடுகளுக்கு வரத் தொடங்கியிருந்த உறைபெட்டி புதுக் கவலை கொடுத்தது. மூடியைத் திறக்காதே, மேலே கம்பளியைப் போர்த்து என்பதே அறிவுரை. நிறைய அடுக்கிய பெட்டி திறக்காமல் இருந்தால் ஒரு நாள் தாங்கும், ஆகவே சில மணி நேர வெட்டில் கெட்டது குறைவு.

கணகணப்புக்கு மண்ணெண்ணெய் ஹீட்டர். பழைய பிரிட்டிஷ் வீடுகளின் குளிர்காலத்துக்கே அதன் வாசனை உண்டு. ஒவ்வொரு லிட்டர் எண்ணெயும் எரியும்போது ஏறத்தாழ அதே அளவு நீர் ஆவியாக வெளிவருவதால் சன்னல்கள் வியர்த்துச் சுவர்கள் பூஞ்சை பிடித்தன. கால் தட்டிக் கவிழ்ந்தால் தீ. எனினும் கணப்பு இல்லாத வீட்டில் சுவரில் கம்பி எதையும் நம்பாத சூடு அது ஒன்றுதான்.

இங்கேதான் வீடுகளுக்குள் வேறுபாடு தெரிந்தது. கணப்பை அடைக்காமல் விட்டிருந்த பழைய வரிசை வீடும், எரிவாயு அடுப்பு வைத்திருந்த வீடும் பெரிதாக அலுங்கவில்லை. சமையலறையில் நீலச் சுடர் எரிந்தது. இருட்டில் சூப் குடிப்பது குழந்தைகளுக்கு விளையாட்டாகக்கூட இருந்தது. புதிதாக எரிவாயு மையச் சூடேற்றம் போட்டவர்களுக்கு அதிர்ச்சி: வாயு இருக்கிறது, பாயிலர் இருக்கிறது, வெந்நீரைக் குழாய்களில் தள்ளும் பம்பு மின்சாரத்தில் ஓடுகிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, முற்றிலும் மின்சாரத்தை நம்பிய அடுக்குமாடிக் குடியிருப்புகள். லிஃப்ட் நின்றது, அடுப்பு அணைந்தது, சேமிப்பு ஹீட்டர் இரவு வெட்டில் சூடேறாமல் மறுநாள் முழுதும் குளிர்ந்து நின்றது. பதினைந்தாம் மாடியில் கைக்குழந்தையோடும் முதியவர்களோடும் இருந்தவர்களுக்கு எந்த மெழுகுவத்தியும் உதவவில்லை. வசதி என்று விற்கப்பட்டது முதலில் கைவிட்டது, அதில் தேர்வுரிமை இல்லாமல் நகராட்சி வீட்டில் குடியேற்றப்பட்டவர்களைத்தான்.

நீதிபதி வில்பர்ஃபோர்ஸ் தலைமையிலான விசாரணைக் குழு சுரங்கத் தொழிலாளர் பக்கம் நியாயம் கண்டது. பிப்ரவரி இறுதியில் அவர்கள் வேலைக்குத் திரும்பினார்கள்.

இரண்டு ஆண்டுக்குப்பின் வந்த ‘மூன்று நாள் வாரம்’ பற்றி ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வது நல்லது. 1973 அக்டோபரில் அரபு நாடுகளின் எண்ணெய்த் தடை, நவம்பரில் சுரங்கத் தொழிலாளரின் மிகைநேர மறுப்பு இரண்டும் சேர, ஹீத் அரசு 1974 ஜனவரி 1 முதல் பெரும்பாலான வணிக நிறுவனங்களுக்கு வாரத்தில் மூன்று நாள் மட்டுமே மின்சாரம் என்று விதித்தது. மார்ச் 7 வரை அது நீடித்தது. மெழுகுவத்தி வெளிச்சத்தில் வீட்டுப்பாடம் எழுதியதாக நினைவுகூரும் பலர் அதை இந்த மாதங்களோடு சேர்த்துச் சொல்வார்கள். உண்மையில் வீடுகளுக்குச் சுழற்சி வெட்டு வராமல் தடுக்கவே தொழிற்சாலைகளின் வாரம் சுருக்கப்பட்டது. இருட்டில் கழிந்த மாலைகள் பெரும்பாலும் 1970-க்கும் 1972-க்கும் உரியவை. இரண்டு ஆண்டு இடைவெளியில் பட்ட பாட்டை நினைவு ஒரே குளிர்காலமாகத் திரட்டிக்கொண்டது.

1974-இல் வீடுகளிடம் கேட்கப்பட்டது சிக்கனம். ஒரே அறையை மட்டும் சூடாக்குங்கள் என்று அரசு வேண்டிக்கொண்டது. தொலைக்காட்சி இரவு 10.30-க்கு முடிந்தது. எரிசக்தித் துறை அமைச்சர் பேட்ரிக் ஜென்கின் இருட்டிலேயே பல் துலக்கலாம் என்று வானொலியில் யோசனை சொன்னார். அவர் வீட்டிலேயே விளக்குகள் பளிச்சென்று எரியும் படத்தைச் செய்தித்தாள்கள் வெளியிட்டன. பிப்ரவரி 28 தேர்தலில் ஹீத் ஆட்சி இழந்தார்.

அந்த அனுபவத்திலிருந்து பாடம் கற்றது வீடுகளைவிட அரசியல்வாதிகள். 1984 மார்ச் முதல் 1985 மார்ச் வரை சுரங்கத் தொழிலாளர்கள் ஓராண்டு போராடியும் ஒரு வீட்டிலும் விளக்கு அணையவில்லை. மார்கரெட் தாட்சர் அரசு முன்கூட்டியே மின்நிலையங்களில் கரியை மலையாகக் குவித்திருந்தது. எண்ணெயில் ஓடும் நிலையங்களை முழுவீச்சில் இயக்கியது. அதன்பின் வட கடல் எரிவாயு கரியின் இடத்தைப் பிடித்தது. சுழற்சி வெட்டு ஒரு தலைமுறைக்குக் கதையானது. மண்ணெண்ணெய் ஹீட்டர்கள் கொட்டிலுக்குப் போயின.

மின்சாரம் போவது மட்டும் முற்றிலும் நிற்கவில்லை. காரணம் புயலுக்கு மாறியது. 2021 நவம்பர் இறுதியில் வீசிய ஆர்வென் புயல் ஸ்காட்லாந்திலும் வட இங்கிலாந்திலும் மரங்களைக் கம்பிகள் மேல் சாய்த்தது. சுமார் பத்து லட்சம் வீடுகள் மின்சாரம் இழந்தன. ஏறக்குறைய 4,000 வீடுகளுக்கு ஒரு வாரத்துக்கு மேல் வரவில்லை. வெட்டு அட்டவணையில் மூன்று மணி நேரத்துக்குத் தயாராவதும், எப்போது வரும் என்று தெரியாத ஒரு வாரத்துக்குத் தயாராவதும் வேறு வேறு. அங்கே விறகடுப்பு வைத்திருந்த பண்ணை வீடுகள் தப்பித்தன.

2022-இல் உக்ரைன் போரால் எரிவாயு தட்டுப்பாடு அஞ்சப்பட்டபோது பழைய சுழற்சித் திட்டம் மீண்டும் பேச்சுக்கு வந்தது. மோசமான நிலை நேர்ந்தால் மூன்று மணி நேர வெட்டுகள் வரலாம் என்று அக்டோபரில் மின்கட்டமைப்பு நிறுவனம் எச்சரித்தது. ஒவ்வொரு வீட்டுக்கும் ஓர் எழுத்து ஒதுக்கப்பட்டிருப்பதும், பலருடைய மின்கட்டண ரசீதின் ஓரத்தில் ஒரு சிறு கட்டத்துக்குள் அது அச்சாகியிருப்பதும் அப்போதுதான் பெரும்பாலோர் கண்ணில் பட்டது. அந்தக் குளிர்காலம் வெட்டில்லாமல் கடந்தது. ஆனால் 1972-இன் வீடு இப்போது இல்லை. மையச் சூடேற்றம் ஏறக்குறைய எல்லா வீட்டிலும் வந்துவிட்டது, மின்சாரம் இல்லாமல் ஓடும் பாயிலர் அரிது. செப்புக் கம்பித் தொலைபேசி தன் மின்சாரத்தைத் தொலைபேசி நிலையத்திலிருந்தே பெற்றதால் வெட்டிலும் ஒலித்தது. இணைய வழித் தொலைபேசி வீட்டு மின்சாரம் போனதும் ஊமையாகிறது. வேறு வழியில்லாதவர்களுக்கு அவசர அழைப்புக்காகக் குறைந்தது ஒரு மணி நேரம் தாங்கும் மாற்று ஏற்பாடு தர வேண்டும் என்பது அங்கே ஒழுங்குமுறை ஆணையத்தின் நெறி.

பிரிட்டனின் கடைசி நிலக்கரி மின்நிலையமான ராட்கிளிஃப் 2024 செப்டம்பர் 30 அன்று மூடப்பட்டது. அதே ஆண்டு மே மாதம் வீடுகள் நெருக்கடிக்குத் தயாராவது பற்றி அரசு ஒரு வழிகாட்டியை வெளியிட்டது. பேட்டரியிலோ கைப்பிடி சுழற்றியோ இயங்கும் டார்ச், அதேபோல் ஒரு வானொலி, கைபேசிக்குப் பவர் பேங்க், சமைக்காமல் உண்ணக்கூடிய டின் உணவு, ஆளுக்கு நாளொன்றுக்குக் குறைந்தது இரண்டரை முதல் மூன்று லிட்டர் குடிநீர் என்று அதில் பட்டியல் போகிறது. மெழுகுவத்திக்கு அதில் இடமில்லை. தீ ஆபத்தைக் கருதி டார்ச்சே பாதுகாப்பு என்கிறது வழிகாட்டி.